குங்குமம் வைத்த டப்பா

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் இவள் மனம் இளகிவிடுவாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவாள் என்று யாராவது காத்திருந்தால் அவர்கள் நேரம்தான் வீண். அம்மாவிடமிருந்து எனக்கு வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று சுருட்டை முடி. இன்னொன்று, ஒருவர் செய்ததை மறக்காத புத்தி.

தொண்ணூறுகளின் கடைசி அது. கோலார் தங்கவயலில் எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, சுரங்கத்தில் இனி யாருக்கும் வேலை கிடைக்காது என்பது தெரிந்த பிறகு, அப்பா அம்மாவோடு பெங்களூர் மர்பி டவுனில் ஒரு ஒண்டுக் குடித்தனத்துக்கு வந்திருந்தேன். எனக்கு வேலை கொடுத்தது ஒரு சின்னக் கம்பெனி. பொம்மசந்திராவில் இன்வெர்ட்டர் செய்யும் ஒர்க்ஷாப், சிவாஜிநகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே ஆபீஸ். அந்த வருடங்களில்தான் முதலாளிக்கு சோலார் ஆசை வந்தது. அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டை மாடியில் பேனல் வைத்து, கீழே பேட்டரி அடுக்கி, கரண்ட் போனாலும் விளக்கு எரிய வைப்போம் என்று விளம்பரம் கொடுத்தார். சைட்டுக்குப் போய் வயர் இழுக்கிறவர்களில் பெண் நான் ஒருத்திதான். ஸ்பேனர், டெஸ்டர், ஹைட்ரோமீட்டர் எல்லாம் போட்ட நீல கான்வாஸ் பை ஒன்று எனக்கென்று இருந்தது. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும்போது எனக்கு வரும் கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அப்படி ஒரு கர்வம்.

நான் முழுக்க முழுக்க என் கையால் போட்ட முதல் கட்டடம் இந்திரா நகர்ப் பக்கம் இருந்தது. நாலு மாடி, பதினாறு வீடு. கரண்ட் தினமும் போகும். வாடகை ஜெனரேட்டரின் சத்தத்திலும் புகையிலும் நொந்துபோன வீட்டுக்காரர்கள் சோலாருக்கு ஒத்துக்கொண்டார்கள். திட்டம் எளிது. பகலில் வெயில் பேட்டரியை நிரப்பும். வெயில் போதாவிட்டால் லைன் கரண்ட் மிச்சத்தை நிரப்பும். கரண்ட் போனதும் பேட்டரி தானாக வேலையை எடுத்துக்கொள்ளும். வீட்டுக்கு ஒரு டியூப் லைட், ஒரு ஃபேன். படிக்கட்டுக்கும் கேட்டுக்கும் விளக்கு. அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ் கிடையாது, டிவி கிடையாது, மிக்ஸி கூடவே கூடாது. எல்லா வீட்டு ஃபேனும் ஒரே நேரத்தில் ஓடாது என்பதால் கொஞ்சம் சக்தி எப்போதும் மிச்சம் இருக்கும். அதை அவசரத்துக்கென்று நான் விட்டுவைத்திருந்தேன். விட்டுவைத்தது என் புத்தி. அதில் கை வைத்தது அவர் புத்தி.

அவர் என்றால் அந்தக் கட்டடத்தின் அசோசியேஷன் செக்ரெட்டரி. மேல் மாடியில் வீடு. மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம், மாநில அரசில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். வாட்ச்மேனிடம் கன்னடம், கடிதத்தில் இங்கிலீஷ், என்னிடம் தமிழ். காலையில் நெற்றி நிறையப் பொட்டில்லாமல் வெளியே வரமாட்டார். முதல் நாளே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, எந்த ஊரு?"

"கே.ஜி.எஃப் சார்."

"ஓ. கே.ஜி.எஃப்பா."

சுரங்கக் கூலிக்காரர் வீட்டுப் பெண் என்று எடைபோட்டு ஒதுக்கும் 'ஓ' அது, கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கு மேல் நான் அங்கே போய் வந்தேன், அவர் என் பெயரைக் கேட்கவே இல்லை. "கம்பெனி பொண்ணு வந்திருக்கு" என்றுதான் சொல்வார். அவர் மனைவி நல்லவர். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு நான் படி ஏறும்போது கதவைத் திறந்து, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்பார். அந்த வீட்டில் இருந்த மரியாதை மொத்தமும் அந்த அம்மாவிடம்தான் இருந்தது.

வாரா வாரம் திங்கட்கிழமை நான் போவேன். மொட்டை மாடி அறையில் வரிசையாக இருக்கும் பேட்டரி ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து, ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்து, சார்ஜ் எவ்வளவு என்று அது காட்டும் அளவை அந்தந்தப் பேட்டரியின் பக்கவாட்டிலேயே சாக்பீஸால் எழுதுவேன். அது என் பழக்கம். நோட்டில் எழுதினால் நோட்டு தொலையும், பேட்டரி மேல் எழுதினால் பேட்டரியே பேசும். முதல் இரண்டு மாதம் எல்லாம் ஜோராக இருந்தது. மூன்றாவது மாதத்திலிருந்து எண்கள் இறங்க ஆரம்பித்தன. நல்ல வெயில் அடித்த வாரத்திலும் இறங்கின. ஏதோ ஒன்று பேட்டரியை ஒட்ட உறிஞ்சிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் பிரிந்து போகும் என் ஃபியூஸ் போர்டில் அளந்து பார்த்தால் கணக்கு கச்சிதமாக இருந்தது. எனக்கு மண்டை காய்ந்தது.

இப்போது நான் செய்த மகா முட்டாள்தனத்தைச் சொல்லவேண்டும். யாரோ திருட்டு லைன் இழுத்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தை நான் போய்ச் சொன்னது அவரிடமேதான்.

"சார், எந்த வீட்லயோ ஃப்ரிட்ஜ் மாதிரி ஏதோ பெருசா ஓடுது. ஒரு தடவை எல்லா வீடும் செக் பண்ணலாமா?"

"எங்க பில்டிங்ல அந்த மாதிரி ஆளுங்க யாரும் இல்லம்மா. எல்லாம் டீசன்ட் ஃபேமிலி. உன் பேட்டரி சொத்தை. அதைச் சொல்லு முதல்ல."

மொட்டை மாடிப் பேட்டரி அறையில், கதவுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஒரு சின்ன டப்பா இருந்தது. சுவருக்கு அடித்த அதே சாம்பல் பெயின்ட் அதற்கும். காலி வாட்டர் கேன்களை அதன் முன்னால் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைக் காட்டியும் கேட்டேன்.

"அது பில்டர் காலத்து டப்பா. அதுல லைனே இல்ல," என்றார், நெற்றிக் குங்குமம் கொஞ்சமும் கலையாமல்.

நானும் சரி என்று வந்துவிட்டேன். யார் வாய்வார்த்தையையும் நம்பாதே, டெஸ்டரை வைத்துப் பார் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். குனிந்து இரண்டு கேனை நகர்த்தி டெஸ்டரை வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். வைக்கவில்லை. பெரிய மனிதர், பொய் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். இதற்காக என்னை நானே எத்தனை முறை திட்டிக்கொண்டிருப்பேன் என்பதற்கு அளவே இல்லை.

எட்டாவது மாதம் பேட்டரி மொத்தமாகப் படுத்துவிட்டது. கரண்ட் போனால் ஐந்து நிமிடம்கூட விளக்கு நிற்கவில்லை. பதினாறு வீட்டுக்காரர்களும் சத்தம் போட்டார்கள். அடுத்த வாரம் எங்கள் ஆபீசுக்குச் செக்ரெட்டரியிடமிருந்து ஒரு இங்கிலீஷ் கடிதம் வந்தது. அந்தப் பெண்ணுக்கு வேலை தெரியவில்லை, பராமரிப்பு சரியில்லாமல் பேட்டரி முழுவதையும் பாழாக்கிவிட்டாள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, கடைசி வரியில், இனிமேல் இந்த மாதிரி வேலைக்குப் பெண்களை அனுப்ப வேண்டாம் என்று முடித்திருந்தார். கீழே கையெழுத்து, அசோசியேஷன் முத்திரை.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். கடிதத்தை மேஜையில் என் பக்கம் தள்ளினார்.

"ஏம்மா, நான் என்ன பண்றது சொல்லு. கஸ்டமர் எழுதிக் கொடுத்துட்டாரு. கொஞ்ச நாள் ஆபீஸ்லயே இரு. போன் அட்டென்ட் பண்ணு."

"சார், அங்க யாரோ திருட்டு லைன் இழுத்திருக்காங்க."

"ப்ரூஃப் இருக்கா?"

இல்லை. என் நீலப் பை ஆபீஸ் அலமாரிக்குள் போனது. அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் வந்தார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடிதத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

போன் வேலை என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை, "ஹலோ, சொல்லுங்க சார், கம்ப்ளெய்ன்ட் என்ன சார்?" இது பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான். பொறுக்க முடியாதது வேறு. இந்தச் செக்ரெட்டரிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்கள். இரண்டு மாதம் கழித்து, வேறொரு கட்டடத்துக்கு ஆள் இல்லை, நீ போய்ட்டு வா என்று முதலாளி மனம் வந்து சொன்ன அன்றைக்கு, அங்கிருந்து போன் வந்தது. எடுத்தது நான்தான். "அந்தப் பேட்டரியைக் காலி பண்ண பொண்ணை அனுப்பிடாதீங்க, வேற யாராவது வரட்டும்" என்றது குரல். "சரி சார், சொல்லிடறேன்" என்று நானே குறித்துக்கொண்டேன். ஹைட்ரோமீட்டர் பிடித்த கை அது. அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன். அந்த ஆளைச் சந்தி சிரிக்க வைக்காமல் நான் விடப்போவதில்லை, என் பையை அவர் கையாலேயே எனக்குத் திருப்பிக் கொடுக்க வைக்காமல் ஓயப்போவதில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்ததும் அம்மா தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்துவிட்டாள். "அவன் நாசமா போவ! அவன் வாயில மண்ணு விழ! என் பொண்ணு கை பட்டா இரும்பும் பேசும், இவன் யாருடி சொல்றதுக்கு?" அப்பா பாவம், "மெதுவா பேசு, பக்கத்து வீட்ல கேக்கும்" என்றார். "கேக்கட்டும்னுதான் பேசறேன்" என்றாள் அம்மா. எனக்கு அது நல்ல மருந்தாக இருந்தது. தினமும் ஒரு வேளை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

அந்தக் கட்டடத்துக்குக் கம்பெனி புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்தது. அண்ணன்தான் பராமரித்தார். ஏழே மாதத்தில் அதுவும் படுத்தது. போன் வந்தபோது எடுத்தவள் நான். "மறுபடியும் பேட்டரி போச்சும்மா," என்று செக்ரெட்டரியின் குரல். அது நான் என்று அவருக்குத் தெரியாது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் என்னைப் பொல்லாதவள் என்பீர்கள். பரவாயில்லை, பொல்லாதவள்தான். நேராக முதலாளியிடம் போனேன்.

"சார், இப்ப அண்ணனும் போன்ல உக்காரணுமா?"

"அது பேட்டரி லாட் சரியில்லம்மா. அவன் என்ன பண்ணுவான்?"

என் கையில் செத்தால் கை சரியில்லை, அண்ணன் கையில் செத்தால் பேட்டரி சரியில்லை. நல்ல நியாயம். மூன்றாவது செட் போட்டார்கள். நான் மறுபடி போனில் உட்கார்ந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அந்த நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லேத்து மெஷினிலிருந்து சைக்கிள் பம்பு வரை கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சேவந்திப் பூ சொருகாவிட்டால் மறுநாள் அந்த மெஷின் கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. எங்கள் கம்பெனியில் அன்றைக்குக் கஸ்டமர்களுக்கு ஸ்வீட் பாக்கெட் கொடுப்பது வழக்கம். "நீதான் சும்மா இருக்கே, நீ போய் கொடுத்துட்டு வா" என்று முதலாளி ஐந்து பாக்கெட்டும் ஐந்து விலாசமும் கொடுத்தார். நான்காவது விலாசம் அந்தக் கட்டடம்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி இருக்கும். கரண்ட் இல்லை. காலையிலேயே போய்விட்டதாக வாட்ச்மேன் சொன்னார். வீட்டுக்காரர்கள் எல்லாரும் மொட்டை மாடியில் இருந்தார்கள், சோலாருக்குப் பூஜை. நான் பாக்கெட்டோடு ஏறினேன். பேட்டரி அறையை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கழுவியிருந்தார்கள். கேன்கள் எல்லாம் வெளியே. பேட்டரி ஒவ்வொன்றுக்கும் பொட்டு, இன்வெர்ட்டருக்குப் பெரிய பொட்டு, மாலை. செக்ரெட்டரி பட்டு வேட்டியில் கற்பூரத் தட்டோடு நின்றார். என்னை அடையாளம் தெரிந்தது. முகம் ஒரு நிமிடம் சுருங்கி, பிறகு, "ஓ, கம்பெனி பொண்ணா, வா வா" என்றார்.

ஆரத்தியைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். கதவுக்குப் பின்னால் கண் போனது. அந்தச் சாம்பல் டப்பா. பில்டர் காலத்து டப்பா. லைனே இல்லாத டப்பா. அதன் நெற்றியில் புதிதாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே ஒரு சேவந்திப் பூ.

எனக்குப் புரிந்துவிட்டது. ஊரை ஏமாற்றலாம், என்னை ஏமாற்றலாம், ஆனால் தன் வீட்டுக்கு உழைக்கிற ஒரு மெஷினைப் பொட்டில்லாமல் விட அந்த மனிதருக்குத் தைரியம் வரவில்லை. விடியற்காலையில் யாரும் வருமுன் தனியாக வந்து வைத்திருக்கிறார்.

"சார், இது எந்த மெஷினுக்கு வெச்ச பொட்டு?"

"எது? அது… சும்மா. கூடவே வெச்சிருப்பாங்க."

"லைனே இல்லாத டப்பான்னு சொன்னீங்களே."

"இல்லதாம்மா."

"அப்ப ஆஃப் பண்ணா ஒண்ணும் ஆகாது இல்ல?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூடியைத் திறந்து, உள்ளே இருந்த சுவிட்சை அணைத்தேன். மாடியில் எதுவும் நடக்கவில்லை. யாரோ ஒருவர், "என்னம்மா பண்றே?" என்றார். அவ்வளவுதான். கீழே அவர் வீட்டுக் கதவு திறந்தது. அவர் மனைவி பாதிப் படியில் நின்று கத்தினார்.

"என்னங்க! நம்ம வீட்ல டிவியும் ஃப்ரிட்ஜும் நின்னு போச்சுங்க! மேல என்ன பண்ணித் தொலைக்கறீங்க?"

பதினைந்து வீட்டுக்காரர்கள் அங்கே நின்றார்கள். பதினைந்து வீட்டிலும் காலையிலிருந்து ஃப்ரிட்ஜ் ஓடவில்லை, டிவி ஓடவில்லை. முதல் மாடிக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"உங்க வீட்ல இவ்ளோ நேரம் ஓடிட்டா இருந்துச்சு?"

நான் குனிந்து அந்த டப்பாவிலிருந்து போகும் வயரைக் காட்டினேன். அது என் ஃபியூஸ் போர்டுக்கு வருவதற்கு முன்னாலேயே, இன்வெர்ட்டர் வாயிலேயே பிரிந்து, நேராகக் கீழே அவர் வீட்டுக்குள் இறங்கியது. அதனால்தான் என் போர்டில் அளந்தபோது எதுவும் தெரியவில்லை. ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் அவர் ஃப்ரிட்ஜ் பதினாறு வீட்டுப் பேட்டரியைக் கடைசிச் சொட்டு வரை குடித்திருக்கிறது. இரண்டு செட் பேட்டரி அதில் செத்திருக்கிறது. இதையெல்லாம் நான் நிதானமாக, ஒவ்வொரு வயராகத் தொட்டுத் தொட்டுச் சொன்னேன். ஆஹா, எவ்வளவு நாள் காத்திருந்த நிதானம் அது!

பிறகு கைப்பையிலிருந்து அந்த ஜெராக்ஸை எடுத்தேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. அவரிடம் நீட்டி, "எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிங்க சார்" என்றேன். அவர் வாங்கவில்லை. மேலே வந்துவிட்டிருந்த அவர் மனைவி வாங்கினார். முதலில் வாய்க்குள் படித்தார். கடைசி வரியை மட்டும் சத்தமாகப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணைப் பத்தியாங்க எழுதினீங்க? கேன் தூக்கிட்டு வருமே, இந்தப் பொண்ணா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்காக மட்டும் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"இன்னொரு லெட்டர் எழுதுங்க சார்," என்றேன். "பேட்டரி எதனால செத்துச்சுன்னு. இப்பவே, இங்கயே."

அவர் கடைசியாக ஒரு வழி தேடினார். "இன்னைக்குப் பேனா தொடக் கூடாதும்மா. பூஜையில வெச்சிருக்கு. நாளைக்கு அனுப்பறேன்."

"கரண்ட் திருடலாம், பேனா தொடக் கூடாதா?"

முதல் மாடிக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "என் பேனா பூஜைக்குப் போகல. எழுதுங்க."

பட்டு வேட்டியோடு ஒரு காலி வாட்டர் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார். பேட்டரிகள் கெட்டதற்குத் தன் வீட்டு லைன்தான் காரணம், உங்கள் ஊழியர் மேல் எந்தத் தவறும் இல்லை என்று எழுதினார். 'உங்கள் ஊழியர்' என்ற இடத்தில் நான் விரலை வைத்தேன். இந்தத் தடவை ஆள் யார் என்று இருக்கவேண்டும் என்றேன். பேனாவைப் பிடித்தபடி அவர் தலை நிமிர்ந்தார்.

"உன்… உங்க பேரு என்னம்மா?"

இன்ஷியலோடு சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக.

மறுநாள் முதலாளி கடிதத்தை இரண்டு முறை படித்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "சரி, பையை எடுத்துக்கோ" என்றார். எடுத்துக்கொண்டேன். எனக்குக் கிடைத்த முதல் சைட் வேலை அந்தத் திருட்டு லைனைப் பிடுங்குவது. வயரைச் சுவரிலிருந்து உருவி எடுத்துக் கீழே போட்டேன். டப்பாவையும் பெயர்த்துவிடச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். அது இருக்கட்டும், தொந்தரவு ஒன்றும் செய்யாது என்று அவருக்குப் பதிலாக வந்த புதுச் செக்ரெட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தக் கட்டடத்துக்கு நானே போவேன். பேட்டரிகளுக்கு யார் வேண்டுமானாலும் பொட்டு வைக்கட்டும், அந்தக் காலி டப்பாவுக்கு நான்தான் வைப்பேன். இருப்பதிலேயே பெரிய பொட்டு, இருப்பதிலேயே பெரிய பூ. மூன்று வருடம் அவர் எல்லாரோடும் நின்று அந்த ஆரத்தியைத் தொட்டுக் கும்பிட்டார். நான்காவது வருடம் வீட்டை விற்றுவிட்டுப் போய்விட்டார். அவர் வீட்டுக்குப் புதிதாக வந்தவர், நல்ல மனிதர், என்னிடம் கேட்டார்.

"மேடம், இது என்ன மெஷின்? இதுக்கு மட்டும் ஏன் இவ்ளோ மரியாதை?"

அவருக்கு ஒரு வாட்டர் கேனைக் கவிழ்த்துப் போட்டு, உட்காருங்கள் என்று சொல்லி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.